மலைமேல் தெரிந்த புகை

பங்குனி பிறந்துவிட்டால், வருகிற வாரம் வானம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கச்சிராயபாளையம் பக்கத்தில் பலர் அறுவடைக்கு ஆள் சொல்லுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மண்வெட்டியோடு ஆரம்பித்து இன்றைக்கு ஏழு ஏக்கர், இரண்டு கிணறு, ஒரு டிராக்டர், மாடி வீடு என்று நிற்கிறேன். எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. வானத்தைப் பார்த்தே பிழைத்தவனுக்கு வானம் தெரியாதா? மாடியில் ஏறி மேற்கே கல்வராயன் மலையை ஒரு பார்வை பார்த்தால் போதும், ஏழு நாளையும் சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு பலிக்கும். மீதி இரண்டை நான் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண் வந்தாள். பதினைந்து வருடம் கூலிக்குக் களை எடுத்தவள். அந்த வருடம்தான் துணிந்து ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து உளுந்து போட்டிருந்தாள். செடியைப் பிடுங்கி நிலத்திலேயே காயப் போட்டாகிவிட்டது. அடிக்கிற மெஷின் வியாழக்கிழமைதான் வரும். அதற்குள் நனைந்தால் உளுந்து பூசணம் பிடித்து முளைவிட்டுவிடும். அப்புறம் அவள் மறுபடியும் அடுத்தவர் கொல்லையில்தான் குனிய வேண்டும்.

போனை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “பெரியப்பா, இந்த வாரம் ஓரிரு இடங்கள்ல இடியோட மழைன்னு மெசேஜ் வந்துகீது. இன்னா பண்றது? வாரி எங்கனா போட்டுடட்டுமா?”

“ஓரிரு இடம்னா எது? உன் கொல்லையா, என் கொல்லையா? அத்த கேட்டியா அந்தப் போன?”

“அத்த எப்பிடி கேக்கறது?”

“அதான் என்னக் கேளு. வியாழன் வரிக்கும் ஒரு சொட்டு வராது. காயட்டும், வுடு.”

உள்ளேயிருந்து என் மனைவி, “வானத்துக்கே இவருதான் மேஸ்திரி” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சொன்னபடியே வெயில் காய்ந்தது. புதன்கிழமை மதியம் பார்த்தால் மலைமேல் கறுப்பாக ஒரு திட்டு. எங்களுக்கு இது புதிதில்லை. இந்த மாதத்தில் சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொள்வதும், கீழே கரும்பு வெட்டிய கொல்லைகளில் மிஞ்சிய காய்ந்த இலையை, சோகையை, கொளுத்துவதும் அன்றாடம் நடப்பதுதான். மேற்கே கறுத்தாலே புகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெண் தெருவில் என்னை மறித்துக் கேட்டாள். “புகைம்மா” என்றேன். டீக்கடையில் கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பாதி டீ குடிப்பதற்குள் வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ் வந்து நின்றது. அதன் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் சட்டை முனையைப் பிழிந்துகொண்டே இறங்கினார். “மேல ஆலங்கட்டி மழைங்க. ரோடே தெரில. எங்க பின்னாடியே வந்துகினு கீது.”

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. “இன்னா மாமா, புகை இவ்ளோ ஈரமாவா இருக்கும்?” என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்த நான்கு பேர் சிரித்தார்கள்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் தப்பு செய்தபின் என்னைப் போல ஓடக்கூடிய ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. டிராக்டரை எடுத்தேன். சிரித்த நான்கு பேரையும் பின்னால் மாட்டிய பெட்டியில் ஏற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனால், அவள் ஏற்கெனவே தனியாக வாரிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, நான் புகைன்னேனே?”

“புகைன்னா நாத்தம் வரணும் இல்ல பெரியப்பா? வரல. அதான் வந்துட்டேன்.”

“சரி சரி, வாரு.”

வெயிலில் முறுகிய செடியை முரட்டுத்தனமாகத் தூக்கினால் நெற்று வெடித்து உளுந்து மண்ணில் கொட்டிவிடும். அவள் கொண்டுவந்திருந்த பழைய புடவைகளை விரித்து, குழந்தையைத் தூக்குவதுபோலச் செடியை அள்ளி வைத்துச் சுருட்டினோம். இரண்டு நடை. களத்துக்குக் கூரை கிடையாது என்பதால் நேராக என் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து இறக்கச் சொன்னேன்.

“நல்ல நாள்ல செருப்போட ஆள வுடமாட்டாரு. இன்னிக்கு கொல்லையே வூட்டுக்குள்ள வந்துகீது” என்று சொல்லிக்கொண்டே என் மனைவி சோபாவை ஒரு பக்கம் தள்ளினாள். இடுப்பு உயரத்துக்குக் குவிந்தது. கடைசிச் சுருட்டை உள்ளே இழுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம், கொட்டு கொட்டென்று கொட்டியது. என் கரும்புக்கு அது ஒரு தண்ணீர் பாய்ச்சின கணக்கு. என் வேலை அப்படித்தான், எதிலும் எனக்கு நஷ்டம் வராது.

அவள் குவியலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள். அடியில் எங்காவது ஈரம் தட்டுகிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாலைந்து நெற்றைக் கசக்கி, ஒரு உளுந்தை எடுத்து வாயில் போட்டாள். ஈரம் ஏறியிருந்தால் பல்லில் நசுங்கும். டக்கென்று உடைந்தது.

அவள் சிரித்துவிட்டாள். “நீங்களும் கடிச்சிப் பாருங்க பெரியப்பா.”

எழுபது தாண்டியும் எனக்கு இருப்பதெல்லாம் சொந்தப் பல். வாங்கிக் கடித்தேன். எனக்கும் உடைந்தது.