செம்பூர்ப் பனியில் ஒரு ரஷ்யச் சிப்பாய்

நாலைந்து வருடம் இருக்கும். மே மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மும்பை செம்பூர்ப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் நான் ரஷ்யச் சிப்பாயாகச் செத்துக் கிடந்தேன். சிரிக்காதீர்கள். தாராவியில் தோல் பை தைக்கிற எனக்கு அந்த மாதம் வேலை இல்லை. பக்கத்து வீட்டு நண்பன்தான், "வா மாப்ள, ஷூட்டிங்ல சும்மா படுத்துக் கெடந்தாப் போதும்" என்று கூட்டிப்போனான்.

உடை கொடுக்கிறவர் முதலில் நீலக் கோடு போட்ட முழுக்கைப் பனியனை மாட்டிவிட்டார். அதற்கு மேல் காக்கிச் சட்டை, அதற்கும் மேல் கணுக்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டு, முழங்கால் உயர பூட்ஸ். தலையில் சிவப்பு நட்சத்திரம் குத்திய ரோமத் தொப்பி. உஷாங்கா என்று பெயராம். அதன் காது மடல்களை இழுத்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டதும் ஊர்ச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்!

மைதானம் முழுக்கக் காகிதத்தூள் பனி. அதில் நாங்கள் பிணங்களாகப் படுத்துக்கொண்டோம். செத்த மகனைத் தேடும் தாய் ஒருத்தி அழுதுகொண்டே எங்கள் நடுவில் வர வேண்டும். நீண்ட சிவப்பு அங்கியும், நெற்றிக்கு மேல் பிறைபோல் எழும்பி நிற்கும் முத்துத் தலையணியுமாக வந்தவர், தாராவிக்குப் பக்கத்தில் ஆண்டாப் ஹில்லில் இருக்கிற நம்ம திருநெல்வேலிப் பக்கத்து அக்காதான். எந்த மொழியில் அழுதாலும் சரி, பிறகு ரஷ்யக் குரல் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா நெல்லைத் தமிழிலேயே ஒப்பாரி வைத்தார். படுத்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

அதையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். எப்போது என்று தெரியவில்லை, எனக்கு வியர்ப்பது நின்றுபோனது. லேசாகக் குளிர்ந்தது. ஆகா, நிஜமாகவே பனி பெய்கிறதே என்று நினைத்தேன். தாராவி எங்கும் வெள்ளை. தகரக் கூரைகள், தண்ணீர் டிரம்கள், சந்தில் காயப்போட்ட துணிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ரோமத் தொப்பி போட்ட என் மனைவி இட்லிப் பானையைத் திறந்தாள். ஆவி மேலே போய் மெதுவாகப் பனியாகவே இறங்கியது. யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை. அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

மீதிக் கதை நண்பன் சொல்லித்தான் தெரியும். என் மேல் விழுந்து அழ வேண்டிய இடத்தில், அக்கா தொப்பி மடலுக்குள் கைவைத்துப் பார்த்திருக்கிறார். "எய்யா, ஒடம்பு நெருப்பா கொதிக்கே! இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிட்டு, ஓடியாங்களேன்!" என்று கத்தியிருக்கிறார். தமிழ் தெரியாத டைரக்டரோ, "பஹுத் அச்சா! சாலூ ரக்கோ!", அதாவது பிரமாதம், நிறுத்தாதே என்று குஷியாகிவிட்டாராம். பிணம் அசையாமல் கிடக்கிறது, தாய் கதறுகிறாள். அவருக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்தில் கிடந்த என் நண்பனே, அக்கா என்னமாய் நடிக்கிறார் என்று கண்ணை மூடியபடி ரசித்துக்கொண்டிருந்தானாம். பாவி!

அக்கா எழுந்து ஓடி, கேமராவை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாராம். கூட்டத்தில் நடிக்க வருகிறவர்கள் யாரும் துணியாத காரியம் அது. நிறுத்துங்கள், அவன் நிஜமாகவே சாகிறான் என்று இந்தியில் அலறிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்திருக்கிறது.

நான் கண் விழித்தபோது கோட்டும் தொப்பியும் உடம்பில் இல்லை. யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையணியைக் கழற்றி அதனாலேயே எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். முத்துகள் உதிர்ந்து என் நெஞ்சில் விழுந்தன.

"ஏங்க்கா எழுப்புனீய? நல்லா இருந்துச்சே" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும்யா. அதாம் எழுப்புனேன்" என்றார்.

கம்பளிக் கோட்டுக்குள் வெயில் தாக்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேமராவில் கைவைத்த அக்காவை அதன்பின் யாரும் ஷூட்டிங்குக்குக் கூப்பிடவில்லையாம். உடம்பு தேறியதும் ஆண்டாப் ஹில்லில் தேடிப் போனேன். வீடு மாறிப் போயிருந்தார்.

இப்போதெல்லாம் ரயில் பிளாட்பாரத்திலோ பாலத்தடியிலோ யாராவது அசையாமல் படுத்திருந்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. குனிந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் தூங்குகிறவர்கள்தான், திடுக்கிட்டு விழித்து வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வருகிறது.