அம்மா தேடிய தனி அடுப்பு

பச்சை ரப்பர் விறகை அடுப்பில் வைத்தால் எரிவதற்கு முன் அது அழும். வெட்டிய முனையில் பால் நுரைத்துச் சொட்டி, சுர்ரென்று சத்தம் போட்டு, கண்ணைக் கரிக்கும் புகையைக் கிளப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் போனால் போகிறதென்று தீப்பிடிக்கும். ஜப்பான்காரன் காலத்தில், லாபு ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், எங்கள் வீட்டுக் "குசினி"யில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் புகைதான். ஒரே அடுப்பில் இரண்டு குடும்பங்களுக்குக் கிழங்கு வேக வேண்டியிருந்தது.

தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. முன்னால் "அஞ்சடி" என்று நாங்கள் சொல்லும் குறுகலான நடை, நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி, அவ்வளவுதான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால் வெட்டும் நின்று, மரங்களுக்கு நடுவே எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்பாவின் அண்ணன் வேலை பார்த்த, மந்தின் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். ஒரு மத்தியானம் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், இரண்டு கோழிகள், ஓர் ஆட்டுக்கல் ஆகியோர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். இந்தப் பக்கம் அப்பா, அம்மா, ஒன்பது வயது நான், கைக்குழந்தையான தம்பி. கோழிகளைச் சேர்க்காமல் பத்துப் பேர். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. யாராவது காணாமல் போய்விடுவார்களோ என்று தினமும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இடநெருக்கடிகூட அம்மாவுக்குப் பெரிதில்லை. பெரியப்பா அம்மாவுக்கு "மூத்தார்" முறை. மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி உட்காரக் கூடாது, எதிரில் நின்று பேசக் கூடாது, அவர் கண்ணில் படும்படி சாப்பிடக் கூடாது. ஊரிலிருந்து கப்பலேறிய எத்தனையோ வழக்கங்கள் நடுக்கடலில் விழுந்துபோயிருக்க, இது மட்டும் நனையாமல் கரை சேர்ந்திருந்தது. பெரியப்பா தங்கமான மனிதர். "அந்தப் புள்ளய உக்காரச் சொல்லுடா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இருமிக்கொண்டே வெளியே போய்விடுவார். ஆனால் மழைக்காலத்தில் அவர் எங்கே போவார்? ஓர் அறை வீட்டில் அவர் கண் படாத மூலை ஏது? அந்த மழைக்காலம் முழுக்க அம்மா நின்றுகொண்டே இருந்தாள். நின்றபடி கிழங்கு சீவினாள், நின்றபடி தம்பிக்குப் பால் கொடுத்தாள். கால்கள் இரண்டும் வீங்கிப்போயின.

அடுப்புச் சண்டை தனி. பெரியம்மா முதலில் ஏற்றினால் எங்களுக்கு மத்தியானம் ஆகும். அம்மா முதலில் ஏற்றினால் பெரியம்மா முகம் ஒரு முழம் நீளும். "எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருப்பாள். "எந்த எலி வேணாங்குது?" என்று பதில் வரும்.

அப்படித்தான் எங்கள் வீடு தேடும் படலம் தொடங்கியது. அம்மாவின் நிபந்தனைகள் இரண்டுதான்: கதவு சாத்துகிற மாதிரி ஓர் அறை, தனியாக ஒரு குசினி. வாடகையாகக் கொடுக்க எங்களிடம் இருந்ததோ மரவள்ளிக்கிழங்கும் அப்பாவின் உடலுழைப்பும். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடப்பாள். சாலையில் ஜப்பான் சிப்பாய் நின்றால் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். சரியாகக் குனியாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். எவ்வளவு குனிய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் ரப்பர் மரங்களைப் பார்த்தால்கூடக் குனிந்துகொண்டே போனேன்.

முதலில் பார்த்தது, வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற "ஆயாக்கொட்டகை". கூரை இருந்தது, சுவர் இல்லை. அடுத்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலியாகக் கிடந்த ஓர் அறை. காலியானதற்குக் காரணம் காய்ச்சல் என்று தெரிந்ததும் அம்மா வாசலோடு திரும்பிவிட்டாள். ஒருநாள் கிழங்கு ஏற்றிப்போன மாட்டுவண்டியில் மந்தின் வரைக்கும் போனோம். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாய், மாடி அறையைத் திறந்து காட்டினார். கதவும் இருந்தது, ஜன்னலும் இருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அடுப்பு எங்க வச்சுக்கலாம் பாய்?" என்று கேட்டாள். "அடுப்பா? மேல எல்லாம் பலகைம்மா. நீ கஞ்சி வச்சா என் கட சாம்பலாயிரும்" என்றார் அவர். எங்களுக்கு ஆளுக்கொரு குவளை வெறும் தேநீர் கொடுத்து அனுப்பினார். அறை கிடைத்தால் அடுப்பில்லை, அடுப்பு கிடைத்தால் சுவரில்லை.

கடைசியில் வழிகாட்டியவர் தோட்டத்துக் கிராணியார். துரை போனபின் கணக்கும் பதிவேடும் சாவிக்கொத்தும் அவரிடம்தான் இருந்தன. பங்களாவுக்குப் பின்னால், துரையின் சமையற்காரர் குடியிருந்த வீடு பூட்டிக் கிடந்தது. நடுவில் பலகை தடுத்த இரண்டு அறைகள், ஒட்டினாற்போல் தனிக் குசினி, புகைபோக்கிகூட உண்டு. கிராணியார் கேட்டது எங்கள் கொசுவலையை. துணி கண்ணில் படாத காலம், காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கனவில்கூடக் கிடைக்காத காலம். வெள்ளை வலை என்றால் ராஜாங்கச் சொத்து. "தப்பா நெனைக்காதம்மா, என் வீட்டுலயும் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியைக் கொசு கடித்துக் காய்ச்சல் வந்துவிடுமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா வலையை மடித்துக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கினாள்.

குடிபோன அன்று அம்மா செய்த முதல் காரியம், குசினி நடுவில் உட்கார்ந்து காலை நீட்டியதுதான். அம்மாவின் கால்கள் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உட்கார்ந்தபடியே கீரை ஆய்ந்தாள், உட்கார்ந்தபடியே அப்பாவோடு சிரித்துப் பேசினாள். அவர்கள் இருவரும் சிரித்துப் பேசி நான் கேட்டதும் அந்த வீட்டில்தான்.

இன்னொரு வரவும் இருந்தது. கிராணியாரின் பதிவேட்டில் குடும்பம் என்றால் அடுப்பு. ஓர் அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள் ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஓர் அட்டை. அரிசி, உப்பு எல்லாம் அட்டைப்படிதான். பெரியப்பா பெயரில் இருந்த ஒரே அட்டை இப்போது இரண்டானது. அப்பா பெயரில் எழுதிய புது அட்டையை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு காலைப் "பெரட்டில்", அதாவது எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தில், கிராணியார் ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், அட்டைக்கு ஓர் ஆண், மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு. எத்தனையோ பேர் ஓடிப்போய்ப் பதிவேடு பழசாகிவிட்டதால், இன்று மத்தியானம் வீடு வீடாக வந்து எரிகிற அடுப்பைப் பார்த்துப் புதிதாக எழுதுவோம் என்றும் சொன்னார். முன்பு சயாமுக்குப் போன ஒருவர்கூடத் திரும்பவில்லை, ஒரு கடிதாசிகூட வரவில்லை என்பது எங்கள் தோட்டத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். "ஒரே அட்டையா இருந்திருந்தா நான் ஒருத்தன் போயிருப்பேன். தம்பி எல்லாரையும் பாத்துக்கிட்டிருப்பான்" என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதுதான் அம்மாவைக் குத்தியிருக்க வேண்டும். அவர் போனதும் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அவளுடைய யோசனை எளிமையானது. மத்தியானத்துக்குள் பழைய வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும், அட்டையைக் கொடுத்துவிட வேண்டும், ஒரே அடுப்பு என்று சொல்லிவிட வேண்டும். அப்பா மூட்டை தூக்கினார், நான் சட்டி தூக்கினேன். முகம் கொடுத்துப் பேசாத பெரியம்மாவே ஓடிவந்து அம்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வீடு துடைத்துவைத்தாற்போல் காலியாகிவிட்டது. மிச்சம் இருந்தது அடுப்பு மட்டும். காலையில் கிழங்கு வெந்த கங்கு உள்ளே செக்கச்செவேலென்று கிடந்தது.

"தண்ணிய ஊத்தி அணைச்சுட்டு வாடி" என்றாள் பெரியம்மா.

அம்மா அப்படியே நின்றாள். "புருசன் உசிரோட இருக்கிறவ எரியிற அடுப்புல தண்ணி ஊத்துவாளாக்கா?"

 அது பெரியம்மாவுக்கும் தெரிந்த சாத்திரம்தான். வீட்டில் சாவு விழுந்தால்தான் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவார்கள். புருசன் தப்ப வேண்டும் என்று ஓடுகிறவள் அதைச் செய்வாளா? கங்குகளை அள்ளிக்கொண்டு போகலாம் என்றால், வழியெல்லாம் கண்கள். அம்மா வழக்கமாகச் செய்வதுபோல் சாம்பலைக் கனமாக மூடி, அதன்மேல் ஒரு உடைந்த சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த நேரத்தில் என் கையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது, தம்பிக்காக எடுத்து வைத்திருந்தது. எனக்கு ஒன்பது வயது. எனக்குப் புருசனும் இல்லை, சாத்திரமும் இல்லை. நான் ஊற்றியிருக்கலாம். அம்மா திட்டுவாளே என்று பயந்துகொண்டு நின்றேன்.

கிராணியார் ஒரு சிப்பாயோடு லயத்துக்கு வந்தார். அம்மா அட்டையை நீட்டி, "பழையபடி ஒரே அடுப்புதாங்க" என்றாள். கிராணியார் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்; விட்டிருந்தால் ஒன்று என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். சிப்பாய்தான், காலையில் அந்தப் புகைபோக்கியில் புகையைப் பார்த்திருந்தானோ என்னவோ, பங்களாப் பக்கம் கையைக் காட்டினான். எல்லாரும் அவன் பின்னால் நடந்தோம். நான் தலைகளை எண்ணிக்கொண்டே போனேன். அவன் குசினிக்குள் போனான். பூட்ஸ் காலால் சட்டியைத் தள்ளினான். குனிந்து, குளிர் காய்கிறவன்போல உள்ளங்கையைச் சாம்பல்மேல் பிடித்தான். ஒரு குச்சியை எடுத்துக் கிளறினான். பிறகு கிராணியாரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான்.

"கங்கு இருக்கே, நான் என்னத்தம்மா எழுதட்டும்?" என்றார் கிராணியார். எழுதிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை லாரி வந்தது. அப்பா என் தலையில் கை வைத்து, "தம்பிய எண்ணிக்கிட்டே இரு" என்று கேலி செய்தார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு போனார்கள். நாங்கள் லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டோம், ஒரே அடுப்போடு.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்து சில மாதம் கழித்துப் பெரியப்பா வந்தார். காலில் ஆறாத புண், உடம்பில் எலும்புதான் மிச்சம். தனியாக வந்தார். அம்மா குசினியிலிருந்து நேராக வந்து, அவருக்கு எதிரில், முகத்துக்கு முகம் நின்று, "எங்க?" என்று கேட்டாள். அவள் வாழ்நாளில் மூத்தாரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சேற்றிலும் வாந்திபேதியிலும் போனவர் அப்பா என்பது நாங்கள் பல வருடம் கழித்துத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது.

அதற்குப் பிறகு அம்மா தனிக் குசினி கேட்டதே இல்லை. அவளும் பெரியம்மாவும் சாகும்வரை ஒரே அடுப்பில்தான் பொங்கினார்கள், சண்டையும் குறையவில்லை. ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட மட்டும் இருவருக்கும் வாய் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றாததற்காக அம்மா வருந்தினாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அந்தச் சொம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்குமே.

இன்று அந்த லயம் இல்லை, பங்களாவும் இல்லை. மேட்டைச் சமன் செய்து வரிசை வரிசையாகக் கல்வீடுகள் கட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று அறை, கழுவிச் சமைக்க ஒன்று, பரிமாற ஒன்று என்று இரண்டு குசினி. எது எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் எனக்கே திசை தெரியவில்லை. ரப்பர் மரமென்று பெயருக்குக்கூட ஒன்றில்லை.

போன பள்ளி விடுமுறைக்கு என் இரண்டு மகன்களின் குடும்பங்களும் சேர்ந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். பேத்தி ஒரு வாரமாகக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்த தங்குமிடம். "ரெண்டு பெட்ரூம், தனி குசினி, விலையும் ஓகே லா பாட்டி" என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. முகப்பு மேசையில் இருந்த தமிழ்ப்பெண் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "ஒரு ஃபேமிலியா, ரெண்டு ஃபேமிலியா? ரெண்டுன்னா வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேர் பேரும் எழுதணும்" என்றாள். பேத்தி வாயைத் திறப்பதற்குள் நான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"ஒண்ணும்மா. ஒரே குடும்பம்தான். ஒண்ணுன்னு எழுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே எழுதினாள். அவள் எழுதி முடித்துத் தாளை மூடும்வரை நான் அந்தப் பேனாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.