மாடிக்கு ஒரு வயது

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்த பெயர் 'மேலே கீழே'. பன்னிரண்டு வருஷமாக ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறார். கம்பிக்கதவை இழுத்துச் சாத்துவது, கைப்பிடியைத் திருப்புவது, மாடி வந்ததும் நிறுத்துவது, அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு சீருடை, தலையில் தொப்பி வேறு. லிப்டின் தரையும் மாடியின் தரையும் மயிரிழை பிசகாமல் சேரும்படி நிறுத்துவதில் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. ஊர் உலகமெல்லாம் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இவர் விமானம் இறக்குகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய மகனுக்கு ஆறு வயது நிறையப் போகிறது என்றதும் நானே வலியப் போய், மண்டபம் என் பொறுப்பு என்றேன். தங்கையின் முகம் மலர்ந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் ஈ காக்கை இருக்காது, மேனேஜரிடம் கேட்டாயிற்று, பிறந்தநாள் லிப்டில்தான் என்றார். எனக்கு வந்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறியது.

"கையில இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க தம்பி. பிள்ளைய ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு வைக்கிறதுக்குப் பேரு பிறந்தநாளா?"

"கையிலயும் இல்லதான் அக்கா" என்றார், சிரித்துக்கொண்டே. சொரணை இருந்தால்தானே கோபம் வரும்.

பிறந்தநாள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை மூன்று மாதம் முன்பு என் மகளுக்கு எட்டு வயது ஆனபோதே இவர்களுக்குக் காட்டியிருந்தேன். இருநூறு பேர். மூன்று உடுப்பு. குழந்தைகளைச் சிரிக்க வைக்கக் கரடி வேஷம் போட்ட ஆள். படம் சரியாக விழவில்லை என்று மெழுகுவர்த்தியை நான்கு தடவை ஊதச் சொன்னான் போட்டோக்காரன். நடுவில் அவள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். அதனாலென்ன, வந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்களே.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். லிப்டில் பையனின் முகம் வாடினால் அடுத்த ஞாயிறு மண்டபம், இவர் வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டினார். அவர் மூக்கறுபடுவதைப் பார்க்கத்தான் நான் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பாவின் தொப்பி பையனின் கண்ணை மறைத்தது. கைப்பிடியை அவனே திருப்பினான். அவன் கைமேல் அவர் கை. முதல் மாடியில் கதவு திறந்தது. நடையில் ஒரு நாற்காலி, அதன்மேல் விரல் நீளத்துக்கு ஒரு ஜோடிச் செருப்பு.

"இது ஒரு வயசு. இதப் போட்டுக்கிட்டு நாலடி நடந்த. அஞ்சாவது அடியில விழுந்த" என்றார்.

இரண்டாவது மாடியில், அவன் தட்டித் தட்டி அம்மாவை எழுப்பிய நசுங்கின டம்ளர். மூன்றாவதில் அவன் கிறுக்கிய காலண்டர் தாள். நான்காவதில் கை முறிந்தபோது போட்ட மாவுக்கட்டு. அதையும் தூக்கிப் போடவில்லை மகானுபாவர். ஐந்தாவதில் தீப்பெட்டிக்குள் ஒரு பால் பல். குப்பை, அத்தனையும் குப்பை என்று தங்கையின் காதைக் கடித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. என் மகள் ஒவ்வொரு மாடியிலும் எனக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆறாவதுதான் கடைசி மாடி. அங்கே நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் தங்கை செய்த சின்ன கேக்.

"ஆறு இன்னிக்குத்தானே ஆரம்பிக்குது. நீயே உக்காரு" என்றார்.

உட்கார்ந்தான். வாயெல்லாம் பல், விழுந்ததைத் தவிர. மண்டபம் போயே போயிற்று.

இறங்கும்போது என் மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சித்தப்பா, எனக்கு எட்டு மாடி வேணுமே?"

"ரெண்டு மாடிக்கு மறுபடியும் கீழேருந்து வருவோம்" என்றார் அவர்.

அவள் உடனே என் பக்கம் திரும்பினாள். "அம்மா, என் செருப்பெல்லாம் எங்க? என் பல்லு?"

"அதான் ஆல்பம் இருக்கேடி."

"அதுல பூரா கரடிதாம்மா இருக்கு."

வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றேன். தங்கை கம்பிக்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன மாதம் என் வீட்டுப் பரணை ஒழித்தபோது கூடமாட உதவ வந்தவள் அவள்தான். ஒரு சின்னச் செருப்பைக் கையில் எடுத்து, "இது மட்டும் இருக்கட்டுமேக்கா" என்றாள். நான்தான் அதைப் பிடுங்கிப் பழைய சாமான்காரனின் சாக்கில் போட்டேன்.