இதர வரவு: பதினைந்தாயிரம்

போன செவ்வாய்க்கிழமை தல்லாகுளத்தில் ஒரு வங்கியில் நின்று கத்திவிட்டேன். சாதாரணக் கத்தல் இல்லை. பென்ஷன் வாங்க வந்த பெரியவர் ஒருவர் டோக்கனைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். செக்யூரிட்டி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

காரணத்தைக் கேட்டால் நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள் என்று தெரியவில்லை. சொல்கிறேன்.

நான் கணக்கு எழுதுகிற ஆசாமி. காப்பிப்பொடி முதல் கேஸ் சிலிண்டர் வரை எல்லாம் கம்ப்யூட்டரில் – அதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய ஒரு சாஃப்ட்வேரில். மாதம் பிறந்தால் வங்கி வெப்சைட்டில் நுழைந்து, கோணல் எழுத்துகளைப் படித்து டைப் செய்து, ஓ.டி.பி.க்குக் காத்திருந்து, வரவு செலவை டவுன்லோடு செய்வேன். வருகிற ஃபைலில் மேலே இருபது வரிக்கு வங்கியின் விலாசம் இருக்கும். அதை வெட்ட வேண்டும். தேதியும் மாதமும் இடம் மாறியிருக்கும். அதைத் திருப்ப வேண்டும். அப்புறம்தான் சாஃப்ட்வேர் அதை ஏற்றுக்கொள்ளும். இத்தனை பாடுபடுவதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமையில்தான், போன வருடம் வில்லாபுரத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது மொய் நோட்டு கிடையாது என்று அறிவித்தேன்.

"ஏங்க, ஒரு நோட்டப் போட்டு ஒருத்தர உக்கார வைங்க. கிறுக்குத்தனம் பண்ணாதீங்க" என்றாள் என் மனைவி.

சிரித்தேன். வாசலில் க்யூஆர் கோடு ஒட்டினேன். பணம் நேராக அக்கவுண்டுக்கு வரும், டவுன்லோடு செய்தால் பெயரும் தொகையும் வரிசையாக நிற்கும்... எதற்கு நோட்டு?

நின்றது. நூற்றுச் சொச்சம் வரி. முக்கால்வாசிக்குப் பெயர் தெரிந்தது. மீதியில் நீளமாக ஒரு நம்பர், அதன் வாலில் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்து. யார் யார் என்று விசாரித்திருக்க வேண்டுமா, இல்லையா? விசாரிக்கவில்லை. அத்தனையையும் மொத்தமாக 'இதர வரவு' என்ற தலைப்பில் தள்ளினேன். ஒரே க்ளிக்.

போன மாதம் என் பெரியப்பா மகன் சோலை அண்ணன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே – அவர் நமக்குச் செய்ததற்கு மேலே கொஞ்சம் சேர்த்து நாம் செய்ய வேண்டும். சாஃப்ட்வேரில் 'சோலை' என்று தேடினேன். பூஜ்யம்.

வந்து சாப்பிட்டுவிட்டுச் சும்மா போயிருக்கிறார்! எனக்குள் ஓர் இளக்காரம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் செய்யாவிட்டால் என்ன, நாம் பெருந்தன்மையாக இருப்போம் என்று இரண்டாயிரம் எழுதினேன். மொய் எழுதுகிறவர் அதை மைக்கில் வாசித்தார். மேடைக்குக் கீழே நின்ற அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து நான் கையை ஆட்டினேன்.

பத்து நாள் கழித்து மதினி என் மனைவிக்கு போன் போட்டார்.

"பதினஞ்சாயிரம் செஞ்சோம் தாயி. உங்க வீட்டுல ரொக்கம் வாங்க ஆளில்லைன்னு, இவரு தெருமுக்கு ஜெராக்ஸ் கடையில காசக் குடுத்து, அந்தத் தம்பி போன்ல இருந்து போடச் சொன்னாரு. உங்கள எம்புட்டு நம்பியிருந்தோம்..."

கல்யாணச் சமையல்காரருக்குத் தர வேண்டிய பாக்கிக்கு என் மொய்யைத்தான் கணக்கு வைத்திருந்தார்களாம்.

மறுபடி சாஃப்ட்வேரைத் திறந்தேன். இருந்தது. இதர வரவில் ஒரு பதினைந்தாயிரம், ஒரு நம்பர், வாலில் இரண்டு எழுத்து. இது அவர் பணம்தானா? அதைக் கேட்கத்தான் தல்லாகுளம் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத் தேடி, மானிட்டரை என் பக்கம் திருப்பினார். ஜெராக்ஸ் கடைக்காரரின் முழுப்பெயர். அதன் கீழே ஒரு குறிப்பு: 'சோலை, கப்பலூர், மொய்.'

மொய் மேசையில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே பேரும் ஊரும் சொல்லி டைப் அடிக்க வைத்திருக்கிறார் மனுஷன்.

"இது ஏம்மா எனக்கு வரல?"

"எங்க ஸ்கிரீன்ல இருக்கும் சார். டவுன்லோடுல வராது. அதுல கொஞ்ச எழுத்துதான் வரும், மிச்சத்தக் கட் பண்ணிரும்."

"கட் பண்ணிருமா? பேரு, ஊரு எல்லாம் சொல்லி அனுப்பியிருக்காரும்மா!"

அப்போதுதான் கத்தினேன். ஒரு புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். மறுநாளே மெசேஜ் வந்தது – உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. யார் தீர்த்தார்கள்? எதைத் தீர்த்தார்கள்?

வங்கியை இன்னும் நாலு பத்தி திட்டலாம். கை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் பெயரை வெட்டியது வங்கி என்றால், வெட்டுப்பட்டது யார் என்று கேட்காமல் மூட்டை கட்டியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை இருபதாயிரத்தைக் கவரில் போட்டுக்கொண்டு கப்பலூர் போனேன். மதினி கதவைத் திறந்தார். காதில் தோடு இல்லை. ஓட்டையில் ஈர்க்குச்சி. சமையல்காரர் பாக்கி எப்படித் தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். க்யூஆர், டவுன்லோடு, இதர வரவு... சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அவர் கவரைப் பிரிக்காமல் என் பக்கமே தள்ளினார்.

"வச்சுக்க தம்பி. மொய்யின்னா சபையில வைக்கணும். என் தம்பி ரெண்டாயிரம்னு அம்புட்டுப் பேரும் கேட்டாச்சு. இப்ப வீட்டுக்குள்ள வந்து குடுத்தா அது மொய்யா?"

"அப்ப அடுத்த விசேஷத்துல செஞ்சிர்றேண்ணே."

அண்ணன் மதினியைப் பார்த்தார். "காப்பியக் குடிச்சிட்டுப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதினைந்தாயிரத்தை இதர வரவிலிருந்து எடுத்து, 'சோலை அண்ணன் – திருப்பிச் செய்ய வேண்டியது' என்று மாற்றினேன். எந்தத் தேதிக்குள் என்று சாஃப்ட்வேர் கேட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அது நகர மறுக்கிறது.

என்ன தேதி போடுவது? அண்ணனுக்கு ஒரே மகள்.