செல்வம் தொடாத கிண்ணம்

ஹேவாஹெட்டயில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குடிகாரர் செல்வம், மனந்திரும்பிவிட்டதாகச் சொல்லி எங்கள் தேவாலயத்துக்கு வரத் தொடங்கினார். நான் நம்பவில்லை. இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்தில் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, திராட்சரசக் கிண்ணம் வருமுன் எழுந்து போய்விடுவார். "மனசுல கள்ளம் இருக்கு, அதான் கிண்ணத்தத் தொடப் பயப்படுறாரு" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிண்ணத்தை ஏன் தொடுவதில்லை என்று அவரிடமே கேட்டேன்.

"அது வைன்தானே அக்கா. ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் பழையபடி ஆயிருவேன்னு பயமா இருக்கு."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவரைப் பற்றிப் பேசிய வீடுகளுக்கெல்லாம் போய், என் தவற்றைச் சொன்னேன்.

இப்போது போதகரிடம் கேட்டு, திருவிருந்துக்கு வைனுக்குப் பதிலாகத் திராட்சைப் பழம் வாங்கி நானே பிழிந்து கொண்டுபோகிறேன். செல்வம் மறுபடி வந்து தைரியமாக முழங்காலிடுகிறார். அவர் பக்கத்தில் முழங்காலிட எனக்குத்தான் கூசுகிறது.