இரண்டு கைப்பிடி வைத்த ஸ்பெயின் கிண்ணம்

கேஸ் டார்ச்சைப் பற்றவைத்த பிறகு வேலையை நிறுத்தியது என் சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான்.

பசுந்தாங் பேட்டையில் எங்கள் வெள்ளிப் பட்டறைக்கு அது வாடிக்கையான வேலை. வெள்ளைக்காரர் காலத்துப் பந்தயக் கோப்பைகளைக் கொண்டுவருவார்கள். கைப்பிடிகளைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்தால் புத்தருக்குத் தண்ணீர் வைக்கிற கிண்ணம் ரெடி. இந்த ஊர்க் கிண்ணத்துக்குக் கைப்பிடியே கிடையாது. அதனால் கைப்பிடியைப் பார்த்தாலே எங்களுக்குக் கை பரபரக்கும்.

பெண்ணுக்குத் தோ, ஆணுக்கு ஊ, கோ என்று பெயருக்கு முன்னால் மரியாதை சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். தோ வள்ளி அன்று கொண்டுவந்தது அகலமான, ஆழமில்லாத கிண்ணம். காலமாகிவிட்ட அவருடைய அம்மா வைத்திருந்தது. மறுநாள் காலை அம்மாவுக்கு முதல் வருஷச் சடங்கு, பிக்குகள் சாப்பிட வருகிறார்கள்.

"ரெண்டு பிடியையும் எடுத்துடு செல்வி. புத்தர் பயா மாடத்துல இடிக்குது. அம்மா கிண்ணத்துல தண்ணி வைக்காம நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

"பத்து நிமிஷ வேலை," என்றார் முதலாளி ஊ மாணிக்கம். அவருக்கு எல்லாமே பத்து நிமிஷ வேலைதான். செய்கிறவள் நானல்லவா!

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கைப்பிடியில் செதுக்கிய இலைக்கொடி விளிம்பில் ஏறி, உள்பக்கமாகச் சுற்றி, அடுத்த கைப்பிடியில் இறங்கியது. கிண்ணமும் பிடியும் ஒரே ஆள் வேலை. டார்ச்சை அணைத்துவிட்டு, லத்தா பேட்டையில் பழம்பொருள் விற்கும் கோ சோவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது. ஸ்பெயின் நாட்டுப் பழைய குடிகிண்ணமாம். உடம்பெல்லாம் இதழ் இதழாகப் புடைத்திருப்பது அந்த நாட்டுப் பழைய பாணி. அவர் பார்த்த பிற்காலத்துக் கிண்ணங்கள் மொழுமொழுவென்றுதான் இருந்தனவாம். வெட்டிவிடாதே என்று கத்தினார்.

தோ வள்ளி அசரவில்லை. "ஸ்பெயின்னா மாடம் பெருசாயிடுமா? நீ எடுக்கலேன்னா வேற கடையில எடுத்துக் குடுப்பான்." கிண்ணத்தைப் பைக்குள் வைக்கப் போனார். பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன்.

"மாடம் எவ்ளோ அகலம், ஆன்ட்டி?"

ஒரு சாண் காட்டினார்.

"உள்ளுக்குள்ள?"

முழங்கை வரை நீட்டினார்.

கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்துப் பக்கவாட்டில் திருப்பினேன். ஒரு பிடி சுவரைப் பார்த்தது, இன்னொன்று அவரைப் பார்த்தது. சாண் அகலத்துக்குள் கிண்ணம் கச்சிதமாக அடங்கிவிட்டது.

"பத்து நிமிஷம்கூட ஆகலையே!" என்றார் முதலாளி.

தோ வள்ளி தன் பக்கத்துப் பிடியை மெல்லப் பற்றிக்கொண்டார். "இந்தப் பக்கம் நான் புடிச்சுக்கறேன். அந்தப் பக்கம் அம்மா புடிச்சுக்கட்டும்."

கிண்ணத்தைத் துணியில் சுற்றி அவரிடமே கொடுத்தேன்.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களே, டார்ச்சை எடுக்குமுன் சாமானை ஒரு தடவை திருப்பி வைத்துப் பாருங்கள். வெட்டிய பிடியை மறுபடி ஒட்டிவிடலாம். அந்தக் கொடி ஒட்டாது.