ஃபைனலில் அடித்த ரெண்டு பாயிண்ட்

"என் வீட்டுக்காரருக்குப் பொய்யே சொல்ல வராது" என்று கண்ணாடிக்காரரின் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். ஒரு வகையில் சரிதான். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் இருந்தேன், ஃபைனலில் ரெண்டு பாயிண்ட் அடித்தேன் என்று முப்பது வருஷமாக அவர் சொல்லிவருவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. எந்தப் பக்கத்துக் கூடையில் அடித்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் வாயைத் திறந்ததில்லை.

நடந்தது இதுதான். அந்த வருஷம் முழுக்க மனுஷர் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், எம்பினால் கூரையைத் தொடுவார், ஆனால் கண்ணில் மைனஸ் ஐந்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஆடவேண்டும், கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஃபைனலில் இடைவேளை முடிந்ததுமே ஒருத்தனுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட, கோச் வேறு வழியில்லாமல் இவரை இறக்கினார். இடைவேளைக்குப் பிறகு ரெண்டு அணியும் பக்கம் மாறும். அதை மறந்துவிட்டார், பாவி. பந்து கைக்கு வந்ததும் எடுத்தார் பாருங்கள் ஓட்டம்! வழியில் தடுக்க ஒருத்தன் வரவில்லை. அப்போதாவது சந்தேகம் வரவேண்டாமா? தன் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தியதை உற்சாகம் என்று நினைத்து, எம்பிப் போட்டார். வலையைத் தவிர வேறெதிலும் படாமல் பந்து உள்ளே விழுந்தது. கைதட்டியதெல்லாம் எதிரணி ஆட்கள். விதிப்படி அந்த ரெண்டு பாயிண்ட் எதிரணி கேப்டன் பெயரில் ஏறியது. மூன்று நிமிஷத்தில் கோச் அவரை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். ஆட்டம் முடிந்தபோது ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தொன்பது. ஒரே ஒரு பாயிண்ட்டில் தோல்வி.

அன்றைக்கு அணியை விட்டு ஓடியவர் பழைய ஆட்கள் யார் முகத்திலும் முழிக்கவில்லை. நேராகப் போய்க் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டார், சில வருஷத்தில் சொந்தக் கடை போட்டார். மூக்கில் பதிகிற பட்டையைச் சரிசெய்தபடியே வருகிறவர்களிடம் அந்த ரெண்டு பாயிண்ட்டைச் சொல்வார். கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். மகள் பிறந்தாள், அவளிடமும் சொன்னார். அவள் பள்ளி மேடையில் ஏறி "என் அப்பா" என்று பேசிப் பரிசே வாங்கிவந்துவிட்டாள். இனிமேல் எப்படி வாயைத் திறப்பது?

வினை மகள் ரூபத்தில்தான் வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் பதிப்புப் பிரிவில் அவளுக்கு வேலை. கூடைப்பந்து அணியின் நாற்பது வருஷ வரலாற்றைப் புத்தகமாகப் போடும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. நாற்பது வருஷத்தில் அணி எட்டிப்பார்த்தது ஒரே ஒரு ஃபைனல்தான். அந்த ஆட்டத்தின் புள்ளித் தாளைக் கரையான் தின்றிருந்தது. பத்திரிகையில் வந்த மொத்தப் புள்ளி மட்டும் கிடைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தவள் மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள்.

"ஃபைனல்ல யார் யார் எத்தனை அடிச்சாங்கன்னு நீங்கதான்பா எழுதித் தரணும். உங்க ரெண்டை முதல்லயே போட்டுட்டேன். நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

மகள் போனதும் கண்ணாடிக்காரர் தாளை அருகே இழுத்தார். கரையானே தின்றுவிட்டது, இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு ஆசை காட்டியது. பென்சிலை எடுத்தார். அணியில் எல்லாரும் நெட்டை என்று கூப்பிட்டவன் இருபத்திரண்டு, கேப்டன் பதினேழு, மற்ற மூன்று பேர் பத்து, ஆறு, மூன்று. கூட்டினால் சுத்தமாக ஐம்பத்தெட்டு. தன் ரெண்டுக்கு இடமே இல்லை! யாரிடமிருந்தாவது பிடுங்கினால்தான் உண்டு.

சரி, நெட்டைக்கு என்ன குறை, அவனிடமிருந்து எடுப்போம் என்று அவன் போட்ட பதினொரு கூடைகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தார். முதலாவது இடது கையால், நாலாவது பலகையில் தட்டி, எட்டாவது கீழே விழுந்துகொண்டே. எதை அழிப்பது? கேப்டன் உதடு கிழிந்து ரத்தத்தோடு போட்டதையா? ஆட்டம் முழுக்க ஒற்றைப் பாயிண்ட் ஃப்ரீ த்ரோ மூன்றே மூன்று போட்டவனிடம் ரெண்டைப் பறித்தால் விளங்குமா? அடச்சீ என்று பென்சிலைப் போட்டார்.

மகள் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஒரு பாயிண்ட்லதானேப்பா தோத்தீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் மேடையில ஏறிப் பேசினேன்! கப் வாங்கினேன்! இத்தனை வருஷம் எங்களை நல்லா ஏமாத்திட்டீங்க."

அவள் முகம் சிவந்து தாளை வெடுக்கென்று இழுத்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க. ஒருத்தர் சொன்னா புத்தகத்துல போட முடியாது, இன்னொருத்தர்கிட்டயும் சரிபார்க்கணும்" என்று அணிப் பட்டியலில் நெட்டையின் நம்பரைத் தேடிப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நெட்டை இப்போது பல் டாக்டர். மகள் கூடை கூடையாக வாசித்தாள்.

"யாரும்மா இதைச் சொன்னது? எனக்கே இவ்வளவு ஞாபகம் இல்லையே!"

"எங்க அப்பா. தப்பான பக்கம் போட்டாரே, அவர்."

"அவனா! எங்க போய்த் தொலைஞ்சான்? எட்டாவதுக்குப் பந்து கொடுத்தது யாருன்னு எழுதியிருக்கானா?"

"இல்லையே அங்கிள்."

"எழுத மாட்டான், கிறுக்கன்! கொடுத்ததே அவன்தான். தப்பான பக்கம் போட்டுட்டு அழுதுகிட்டே நின்னவன், அடுத்த நிமிஷமே ரெண்டு பேருக்கு நடுவுல பாய்ஞ்சு பந்தைப் பிடுங்கி எனக்கு எறிஞ்சான். கண்ணு தெரியாத பய, என்னை எப்படிக் கண்டுபிடிச்சான்னு கேக்க முப்பது வருஷமாத் தேடுறேன்மா."

அந்த மூன்று நிமிஷத்தை வெட்கம் மொத்தமாகத் துடைத்துப்போட்டிருந்தது. இப்போதுதான் கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, போன் பக்கம் குனிந்தார்.

"உன் குரலை வச்சுத்தான்டா. ஆட்டம் முழுக்க லொடலொடன்னு கத்திக்கிட்டே இருப்பியே."

போனிலிருந்து "டேய்!" என்று ஒரு கத்தல், கடை முழுக்கக் கேட்டது.

ரெண்டு கிழவர்களும் சண்டை போடுவதுபோலப் பேசிக்கொண்டிருக்க, மகள் தாளில் அந்த ரெண்டைக் கோடு போட்டு அடித்தாள். எட்டாவது கூடைக்குப் பக்கத்தில் "பந்து கொடுத்தது: அப்பா" என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அப்பா"வை அடித்து அவருடைய முழுப் பெயரை எழுதினாள்.